ஹோண்டா கொன்றதா, திருவொற்றியூர் காப்பாற்றியதா?

உங்கள் மாமாவிடம் 1972-ஆம் வருஷத்து புல்லட் ஒன்று இருக்கிறது, வலது காலில் கியர் போடுகிற வண்டி. அதை விற்கலாமா வேண்டாமா என்ற பேச்சில் ஆரம்பித்து மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். உலகம் முழுக்க மோட்டார் சைக்கிள் விற்ற இங்கிலாந்து இருபது வருஷத்துக்குள் எப்படிக் காணாமல் போனது, ஹோண்டாதான் காரணமா? இப்போது டிரையம்ஃப், நார்ட்டன், பி.எஸ்.ஏ. என்று பழைய பெயரெல்லாம் திரும்பி வந்திருக்கிறதே, அது நிஜமா, டேங்கில் ஒட்டிய ஸ்டிக்கர் மட்டுமா? "நம்ம மெட்ராஸ் ஃபேக்டரி இல்லாவிட்டால் பிரிட்டிஷ் வண்டியே மிஞ்சியிருக்காது" என்று, திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையை வைத்து மாமா அடித்துச் சொல்கிறாரே, அது சரியா? மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், செத்தது எது, திரும்பி வந்தது அதேதானா என்பதுதான் உங்கள் கேள்வி. அப்படியே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிய, என்னைப் பற்றி இரண்டு வரி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் ஒன்பது வருஷம் ஜிக், ஃபிக்ஸ்சர் வேலை பார்த்தேன், அதாவது சாமானைப் பிடித்துவைத்து ஒவ்வொன்றையும் ஒரே அளவில் செய்ய உதவுகிற கருவிகள். பிறகு சொந்தப் பட்டறை, இருபத்தாறு வருஷமாகப் பழைய வண்டிகள். புல்லட்தான் அதிகம். ராணுவ ஏலத்தில் கழித்துவிட்ட பி.எஸ்.ஏ. எம்20, குட்டி பாண்டம், நாலைந்து டிரையம்ஃப் ட்வின் (இரட்டைச் சிலிண்டர் வண்டி) எல்லாம் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். இரும்பைப் பற்றி நான் சொல்வது கையில் பட்ட அறிவு. கம்பெனிக் கணக்கு, போர்டு மீட்டிங், அரசியல் எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவை. அதில் ஆராய்ந்தவர்களே ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் எவ்வளவு உயரத்தில் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1950-களில் பர்மிங்ஹாமின் ஸ்மால் ஹீத் பகுதியில் இருந்த பி.எஸ்.ஏ.தான் உலகத்தின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனி. 1861-ல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கியது. பெயரின் விரிவே 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்' தான். 1951-ல் அது டிரையம்ஃபையும் வாங்கிக்கொண்டது. டிரையம்ஃபின் கோவென்ட்ரி தொழிற்சாலை 1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் நாசமாகி, பக்கத்தில் மெரிடன் கிராமத்தில் புதிதாகக் கட்டி 1942-ல் வேலையைத் தொடர்ந்திருந்தார்கள். நார்ட்டனும் பர்மிங்ஹாம்தான். ராயல் என்ஃபீல்டு ரெடிச்சில், தையல் ஊசி செய்வதற்குப் பேர்போன ஊர். எல்லாமே பஸ்ஸில் ஒரே நாளில் சுற்றி வந்துவிடுகிற தூரம். 1937-ல் எட்வர்ட் டர்னர் டிரையம்ஃபுக்காக வரைந்த ஸ்பீட் ட்வின் இரண்டு சிலிண்டரை அருகருகே நிறுத்திய 500 சி.சி. வண்டி. அதன் பாணியைத்தான் அடுத்த முப்பது வருஷம் மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகளும் பின்பற்றின. அமெரிக்காக்காரன் வரிசையில் நின்று வாங்கினான். 1959-ல் பிரிட்டனுக்குள் மட்டும் 3 லட்சத்துக்கு மேல் இருசக்கர வண்டி விற்றது. அதே 1959-ல்தான் டிரையம்ஃப் போன்வில் வந்தது. அதே வருஷம் மினி கார் வந்து, குடும்பத்தை சைடு காரில் ஏற்றிப் போனவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனது. அதே வருஷம் ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்துக்கு ஹோண்டா முதல் தடவையாக வந்து, 125 சி.சி. பிரிவில் டீம் பரிசோடு திரும்பிப் போனது. இரண்டே வருஷத்தில், 1961-ல், 125, 250 இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடமும் ஹோண்டாவுக்கு.

சரி, ஹோண்டாதான் கொன்றதா என்பதற்கு வருகிறேன். இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் ஹோண்டாவே இல்லை, பாண்டம். உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பெனி செய்த ஆர்.டி.125 என்ற சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டியின் வரைபடங்கள் போர் இழப்பீடாக நேச நாடுகளுக்குக் கிடைத்தன. பி.எஸ்.ஏ. அதை வலம் இடமாகப் புரட்டிப்போட்டு 1948-ல் பாண்டம் என்று விட்டது. நல்ல வண்டி, தபால்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை ஓட்டினார்கள். ஜப்பானில் யமஹா என்ற பியானோக் கம்பெனி அதே ஜெர்மன் வண்டியைப் பார்த்து 1955-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளான ஒய்.ஏ.1-ஐச் செய்தது. ஆக, இரண்டு பேருக்கும் பாடப் புத்தகம் ஒன்றுதான். யமஹா ஒன்பதே வருஷத்தில், 1964-ல், 250 சி.சி. உலகச் சாம்பியன் பட்டத்தை வாங்கியது. பாண்டம் 125-லிருந்து 150, அப்புறம் 175 என்று வயிறு பெருத்து, அடிப்படை மாறாமல் 1971 வரை ஓடி நின்றுபோனது. என் பட்டறையில் பாண்டம் எஞ்சினையும் பிற்காலத்து யமஹா எஞ்சினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்திருக்கிறேன். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒருவன் மட்டும் படித்திருக்கிறான் என்று தோன்றும்.

அடுத்து, எல்லோரும் சொல்கிற 'ஆயில் லீக்'. பிரிட்டிஷ் வண்டி நின்ற இடத்தில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்கும் என்பது உலகறிந்த விஷயம். காரணம் கேட்டால், எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸை நடுவில் செங்குத்தாக, இடது பாதி வலது பாதி என்று பிளந்திருப்பதுதான் என்பார்கள். இணைப்புக் கோடு அடிவயிற்றில் ஓடுகிறது, எண்ணெய் அதன் மேலேயே நிற்கிறது, கசியத்தானே செய்யும். ஹோண்டா பெரிய எஞ்சின்களில் கிராங்க்கேஸைப் படுக்கை வாட்டில் மேல் கீழ் என்று பிளந்தது, அடிப்பாதி கிண்ணம் மாதிரி எண்ணெயைத் தாங்கும். இது பாதி உண்மைதான். இன்றைக்கு ஓடுகிற ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலானவை செங்குத்தாகப் பிளந்தவையே, அவை கசிவதில்லை. பல வருஷம் முன்னால் ஒரு பழைய ட்வின் கிராங்க்கேஸ் என்னிடம் வந்தது, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். எத்தனை தடவை கேஸ்கெட் மாற்றினாலும் கசிகிறது என்றார் உரிமையாளர். இரண்டு பாதியையும் கழுவி, மேடுபள்ளமே இல்லாத சர்ஃபேஸ் பிளேட்டில் நீலம் தடவி வைத்துப் பார்த்தேன். முகம் முழுக்கப் பரவ வேண்டிய நீலம், முன்பக்கம் இரண்டு விரல்கடை, பின்பக்கம் போல்ட் ஓட்டையைச் சுற்றி ஒரு பிறை, அவ்வளவுதான் ஒட்டியிருந்தது. நடுவில் நூலிழை பள்ளம். வடிவமைத்தவன் மேல் தப்பில்லை. அந்த முகத்தைச் சீவிய மெஷின் தேய்ந்துபோயிருக்கிறது.

டூல் ரூமில் இருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஜிக்கில் டிரில்லுக்கு வழிகாட்டுகிற புஷ் தேய்ந்தால் ஓட்டை அரை நூல் தள்ளி விழும். அதை மாற்றக் காசு கேட்டால் 'இந்த வருஷம் போகட்டும்' என்பார்கள். கடைசியில் அசெம்ப்ளியில் ஒரு அனுபவஸ்தர் அரத்தை வைத்து ராவி, பொருந்துகிற ஜோடியைத் தேடிப் பிடித்துப் பூட்டுவார். அவர் கைத்திறனை எல்லோரும் மெச்சுவார்கள். மெரிடனிலும் ஸ்மால் ஹீத்திலும் பல மெஷின்கள் போருக்கு முந்தியவை. அங்கே வண்டி ஒழுங்காக வெளியே வந்ததே அந்தத் தொழிலாளர்களின் கைவாகால்தான். ஹோண்டா 1960-ல் சுசூகாவில் கட்டிய தொழிற்சாலையோ சூப்பர் கப் என்ற ஒரே குட்டி வண்டியை மாதம் 30,000 என்ற கணக்கில் செய்ய வடிவமைத்தது. டிரையம்ஃப் தன் மிகச் சிறந்த வருஷத்தில்கூட எல்லா மாடலும் சேர்த்து 50,000-ஐத் தாண்டவில்லை. மாதம் முப்பதாயிரம் செய்கிறவனுக்குப் புது மெஷின் வாங்குவது செலவாகவே தெரியாது. வருஷத்துக்கு நாற்பதாயிரம் செய்கிறவனுக்கு ஒவ்வொரு ஜிக்கும் மலை. இந்தக் கணக்குதான் என் பதிலின் மையம். அவர்கள் தோற்றது ரோட்டிலோ பந்தயத்திலோ இல்லை, டூல் ரூமில்.

அந்த எண்ணிக்கை ஏன் வரவில்லை? சின்ன வண்டியை விட்டுக்கொடுத்ததால். டர்னர் 1960-ல் ஜப்பானுக்கே போய்த் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, நிலைமை கவலைக்குரியது என்று அறிக்கையே எழுதினார். ஆகவே யாருக்கும் தெரியாமல் நடந்ததில்லை. ஆனால் 1960-களின் நடுவில் பி.எஸ்.ஏ.வின் தலைவராக இருந்த எரிக் டர்னர் (இவர் வேறு டர்னர்) ஜப்பான்காரர்களின் வெற்றி நமக்கு நல்லதுதான் என்று பகிரங்கமாகப் பேசினார். சின்ன வண்டியில் ஓட்டப் பழகியவன் நாளைக்குப் பெரிய வண்டிக்கு நம்மிடம்தானே வருவான் என்பது கணக்கு. 50 சி.சி.யில் லாபம் இல்லை, விட்டுவிடு. 125-லும் இல்லை, விட்டுவிடு. 250-லும் நெருக்குகிறான், விட்டுவிடு. ஒவ்வொரு தடவையும் அந்த வருஷத்துக் கணக்கில் அது புத்திசாலித்தனமான முடிவாகவே தெரிந்தது. கடைசியில் பெரிய வண்டி மட்டும் மிஞ்சியது.

அங்கேயும் ஹோண்டா வந்தது. பி.எஸ்.ஏ.வும் டிரையம்ஃபும் சேர்ந்து 750 சி.சி.யில் மூன்று சிலிண்டர் வண்டி ஒன்றை 1968 செப்டம்பரில் வெளியிட்டன, ராக்கெட் 3, டிரைடென்ட் என்று இரண்டு பெயரில். பெர்ட் ஹாப்வுட், டக் ஹீல் என்ற இரண்டு திறமைசாலிகளின் வேலை. அதன் மாதிரி வண்டி 1965-லேயே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருஷம் கிடப்பில். வெளியிட்ட அடுத்த மாதமே டோக்கியோ கண்காட்சியில் ஹோண்டா சி.பி.750-ஐக் காட்டியது. நாலு சிலிண்டர், ஓவர்ஹெட் கேம், ஐந்து கியர், முன்னால் டிஸ்க் பிரேக், பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட். பிரிட்டிஷ் வண்டியில் டிரம் பிரேக், நாலு கியர், கிக்கர். ஓட்டுவதில் பிரிட்டிஷ் வண்டி ஒன்றும் மட்டமில்லை. 1971-ல் அமெரிக்காவின் டேடோனா 200 பந்தயத்தை ஜெயித்ததே பி.எஸ்.ஏ.வின் மூன்று சிலிண்டர் வண்டிதான். ஆனால் கடைக்கு வருகிறவன் காலை ஆபீஸுக்குப் போக வண்டி கேட்டான். மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நார்ட்டனின் கமாண்டோவையும் சொல்ல வேண்டும். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக மேலே ஏறி ஒன்றாகக் கீழே இறங்குகிற ட்வின், 500 சி.சி.யில் பொறுத்துக்கொள்ளலாம், 750 ஆனால் கை மரத்துப்போகும். நார்ட்டன் 1967-ல் எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரம் மூன்றையும் ஒரே தொகுதியாக ரப்பர் மேல் உட்காரவைத்து, அதிர்வு ஓட்டுகிறவனுக்கு வராமல் செய்தது. ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஐடிலில் வண்டியே நடுங்கும், வேகம் எடுத்ததும் வெண்ணெய். அபாரமான யோசனை. ஆனாலும் பழைய எஞ்சினை மாற்றக் காசில்லாத இடத்தில் பிறந்த யோசனை.

அடுத்து வருவது எல்லோரும் சண்டை போடுகிற பகுதி. யார் குற்றம்? 1975-ல் பிரிட்டிஷ் அரசுக்காக பாஸ்டனைச் சேர்ந்த ஓர் ஆலோசனை நிறுவனம் எழுதிய அறிக்கை, நான் மேலே சொன்ன பின்வாங்கலைத்தான் முக்கியக் காரணமாகக் காட்டியது: அந்தந்த வருஷ லாபத்தைப் பார்த்து ஒவ்வொரு பிரிவாகக் கைவிட்டார்கள், உற்பத்தி அளவை இழந்தார்கள். ஜப்பான் இதைத் திட்டம் போட்டுச் செய்தது என்ற தோற்றமும் அதில் உண்டு. பின்னால் ஹோண்டாவின் பழைய அதிகாரிகளிடமே பேசியவர்கள் வேறு கதை சொன்னார்கள். அமெரிக்காவில் ஹோண்டா முதலில் பெரிய வண்டி விற்கத்தான் போனது, அது சரியாக வரவில்லை, தங்கள் ஊழியர்கள் ஊர் சுற்ற வைத்திருந்த சூப்பர் கப்பைப் பார்த்து ஜனங்கள் கேட்டதால் அதை விற்க ஆரம்பித்தார்கள். எது எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. எனக்கு இரண்டாவது நம்பும்படி இருக்கிறது. பிரிட்டிஷ் பக்கம் நடந்ததை மட்டும் அது மாற்றவில்லை. தொழிற்சங்கமும் வேலைநிறுத்தமும்தான் கெடுத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. மெரிடனில் தகராறு இருந்தது, கூலி ஸ்மால் ஹீத்தைவிட அதிகம், இதெல்லாம் உண்மை. ஆனால் 1971 மாடலுக்கு நடந்ததைப் பாருங்கள். பி.எஸ்.ஏ. அம்பர்ஸ்லேட் ஹால் என்ற பழைய பிரபு மாளிகையில் ஆராய்ச்சி மையம் வைத்திருந்தது. அங்கிருந்து எண்ணெயைத் தன் குழாய்க்குள்ளேயே தாங்குகிற புது ஃபிரேம் ஒன்று வந்தது. வரைபடம் மெரிடனுக்கு வந்துசேர்ந்ததே தாமதம். ஃபிரேம் வந்தபோது எஞ்சின் அதற்குள் நுழையவில்லை, எஞ்சின் தலைப்பக்கத்தை மாற்றினார்கள். வண்டி தயாரானபோது சீட் உயரம் கிட்டத்தட்ட 33 அங்குலம், சராசரி ஆளுக்குக் கால் எட்டவில்லை. அமெரிக்காவின் விற்பனைப் பருவம் கையைவிட்டுப் போயிற்று. தொழிலாளர்கள் ஃபிரேம் வரும் வரை சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இதில் சங்கத்தின் பங்கு என்ன?

அதன் பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. 1973-ல் பி.எஸ்.ஏ. திவால் விளிம்புக்கு வர, அரசு ஏற்பாட்டில் நார்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ஃப் என்று ஒன்றாகச் சேர்த்தார்கள். அதன் தலைவர் டென்னிஸ் பூர் அந்த செப்டம்பரிலேயே மெரிடனை மூடப்போவதாக அறிவித்தார், 1,750 பேர் வேலை. தொழிலாளர்கள் கேட்டைப் பூட்டி உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். ஒன்றரை வருஷம். டோனி பென் தொழில் அமைச்சராக இருந்தபோது அரசு ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு கடனும் மானியமுமாகக் கொடுக்க, 1975 மார்ச்சில் மெரிடன் தொழிலாளர் கூட்டுறவாக மறுபடி ஓட ஆரம்பித்தது. பெருக்குகிறவர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் வாரம் 50 பவுண்டு, ஒரே சம்பளம். அந்தச் சமயத்தில் அமெரிக்கா, கியர் இடது காலில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. வலது பக்கம் கியர் இருந்த போன்வில்லை மெரிடன்காரர்கள் கைக்காசு இல்லாத நிலையிலும் இடது பக்கம் மாற்றினார்கள். ஒரே அடிப்படை மாடலை வைத்துக்கொண்டு 1983 வரை தாக்குப்பிடித்தார்கள். தோல்வி என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். மூடச் சொன்ன தொழிற்சாலையை எட்டு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் இப்போது வீடுகள், தெருவுக்கு 'போன்வில் குளோஸ்' என்று பெயர். ஸ்மால் ஹீத் அதற்கு முன்பே இடிக்கப்பட்டுவிட்டது.

இனி மறுபிறப்பு. 1983-ல் டிரையம்ஃப் பெயரை வாங்கியவர் ஜான் புளூர், வீடு கட்டி விற்கிறவர், பூச்சுவேலையில் ஆரம்பித்து மேலே வந்தவர். அவர் செய்த முதல் நல்ல காரியம் அவசரப்படாதது. பழைய போன்வில்லைச் செய்ய டெவனில் ஒரு சிறிய நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்துப் பெயரை உயிரோடு வைத்தார். மெரிடனில் இருந்த சில வடிவமைப்பாளர்களைச் சேர்த்துக்கொண்டு, ஜப்பானில் வண்டி எப்படிச் செய்கிறார்கள் என்று போய்ப் பார்க்கவைத்தார். ஹிங்க்லியில் புதுத் தொழிற்சாலை கட்டினார். ஏழு வருஷம் கழித்து, 1990 செப்டம்பரில் கொலோன் கண்காட்சியில்தான் வண்டியைக் காட்டினார். கவாசாகியைப் பார்த்து அடித்த காப்பி என்று அன்றைக்குப் பேசினார்கள். பொதுவான அமைப்பில் ஜப்பான் வாசனை இருப்பது நிஜம், எஞ்சின் அவர்களுடையது. அதில்தான் டூல் ரூம்காரனுக்கு விருந்து. எல்லா சிலிண்டருக்கும் துளை 76 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 55 அல்லது 65, இரண்டே அளவு. மூன்று சிலிண்டர் போட்டால் 750, 900. நாலு போட்டால் 1000, 1200. பிஸ்டன், வால்வு, கியர் என்று உள்ளே பாதிக்கு மேல் பொதுச் சாமான். ஒரு ஜிக் செட்டில் நாலு எஞ்சின். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு சாமானும் எண்ணிக்கையில் கூடிவிடும். இதே மாதிரி, ஒரே சிலிண்டர் அளவை வைத்து ஒன்றிலிருந்து ஐந்து சிலிண்டர் வரை ஒரு குடும்பம் செய்யலாம் என்று பெர்ட் ஹாப்வுட் பி.எஸ்.ஏ. காலத்திலேயே திட்டம் கொடுத்திருந்தார். அதை மேலிடம் எடுத்துக்கொள்ளவில்லை. புளூர் அதைத்தான் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த வைத்தியம் அங்கேயே அலமாரியில் இருந்தது என்கிறேன். 2002 மார்ச்சில் ஹிங்க்லி தொழிற்சாலையின் பெரும்பகுதி தீயில் போனது, அதே வருஷம் மறுபடி வண்டி வெளியே வந்தது. 2019 முதல் மோட்டோ2 என்ற உலகச் சாம்பியன் பந்தயப் பிரிவில் எல்லா வண்டியிலும் ஓடுவது டிரையம்ஃபின் 765 சி.சி. எஞ்சின்தான். அந்த இடத்தில் முன்பு இருந்தது ஹோண்டா எஞ்சின்.

உங்கள் மாமாவின் வாதத்துக்கு வருகிறேன். மாமா சொல்வதில் கணிசமான உண்மை உண்டு. ராணுவத்துக்கு புல்லட் தேவைப்பட்டதால் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பெட்டியில் வந்த சாமானைப் பூட்டினார்கள். 1957-ல் கருவிகளையும் அச்சுகளையும் ரெடிச் இங்கே விற்றது, திருவொற்றியூரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். ரெடிச் தொழிற்சாலை 1967-ல் மூடியது, பிராட்ஃபோர்ட் ஆன் ஏவனில் மிச்சமிருந்த வேலையும் 1970-ல் நின்றது. உங்கள் மாமாவின் வண்டி பிறந்தபோது அம்மா வீடே கிடையாது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது. ஆனால் புல்லட்டைக் காப்பாற்றியது என்ன? லைசென்ஸ் காலத்து இந்தியாவில் புதிதாக யாரும் எளிதில் வர முடியாது, வண்டி பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மெரிடன் செய்த அதே காரியத்தை, பழைய ஜிக்கில் பழைய வண்டி செய்வதை, திருவொற்றியூரும் செய்தது. போட்டி முப்பது வருஷம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். போட்டி வந்ததும் அங்கேயும் மூச்சு முட்டியது. 1994-ல் ஐஷர் குழுமம் எடுத்துக்கொண்ட பிறகும், 2000 வாக்கில் மாதம் சுமார் 2,000 வண்டிதான். மூடிவிடலாமா என்ற பேச்சு நடந்தபோதுதான் சித்தார்த்த லால் பொறுப்பேற்றார்.

காப்பாற்றியது அதற்குப் பிறகு நடந்தது. கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒரே கூட்டில் அமைந்த புது எஞ்சின் வந்தது, 2010-ல் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் ஓய்வுபெற்றது. 2013-ல் ஒரகடம் தொழிற்சாலை, பிறகு வல்லம் வடகால். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில் பிரண்டிங்தார்ப் என்ற இடத்தில் 2017-ல் வடிவமைப்பு மையம் திறந்தார்கள். 2018-ல் வந்த 650 ட்வின் அங்கும் சென்னையிலுமாக உருவானது. அதில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி இறங்காது, 270 டிகிரி கிராங்க், கூடவே அதிர்வை அடக்கும் பேலன்சர். டர்னர் காலத்துத் தோற்றத்துக்குள் டர்னர் காலத்து நோய்க்கு மருந்து. 2024-25 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது. ஸ்மால் ஹீத்தும் மெரிடனும் கனவிலும் பார்க்காத எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை இருப்பதால்தான் புது மெஷின் வாங்க முடிகிறது.

மற்ற இரண்டும் சுருக்கமாக. நார்ட்டன் கைமாறிக் கைமாறி 2020 ஜனவரியில் நொடித்து, அந்த ஏப்ரலில் டி.வி.எஸ். 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. சோலிஹல்லில் புதுத் தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள், பர்மிங்ஹாமுக்குப் பக்கத்து ஊர். பி.எஸ்.ஏ. பெயரை மஹிந்திராவின் கிளாசிக் லெஜண்ட்ஸ் 2016-ல் வாங்கி, 2021-ல் 650 சி.சி. கோல்ட் ஸ்டாரைக் காட்டியது. வண்டி தயாராவது இந்தியாவில். டிரையம்ஃபின் பெரிய வண்டிகளில் பெரும்பாலானவை தாய்லாந்தின் சொன்புரியில் செய்யப்படுகின்றன, 2023-ல் வந்த ஸ்பீட் 400 புனே பக்கத்துச் சாகனில் பஜாஜ் தொழிற்சாலையில். ஸ்டிக்கரா என்று கேட்டீர்கள். டிரையம்ஃப் ஸ்டிக்கர் இல்லை: வடிவமைப்பு ஹிங்க்லியில், முதலாளி அதே புளூர் குடும்பம், நாற்பது வருஷமாகப் போட்ட காசு. ராயல் என்ஃபீல்டும் ஸ்டிக்கர் இல்லை, இவற்றில் வண்டி செய்வது இடையில் நின்றுபோகாமல் வந்த ஒரே பெயர் அது, ஊர் மட்டும் மாறிவிட்டது. பி.எஸ்.ஏ.வில் பெயருக்கும் பழைய தொழிற்சாலைக்கும் நடுவில் நாற்பது வருஷ இடைவெளி, அங்கே தொடர்ச்சி என்று சொல்ல எதுவும் எனக்குத் தெரியவில்லை, வண்டி நன்றாக இருந்தாலும். நார்ட்டன் பற்றி முடிவு சொல்வது இன்னும் சீக்கிரம். அங்கே காசும் பொறுமையும் வந்திருக்கிறது, இரண்டும் பல வருஷமாக இல்லாத இடம் அது. திரும்பி வராதது ஒன்று உண்டு. ஸ்மால் ஹீத்திலும் மெரிடனிலும் அப்பா, பிள்ளை, மருமகன் என்று ஒரே கேட்டுக்குள் போய்வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வேலை. அது சாகனுக்கும் சொன்புரிக்கும் ஒரகடத்துக்கும் வந்துவிட்டது.

மாமாவின் வண்டியை விற்க வேண்டாம் என்பது என் கட்சி. விற்றாலும் வைத்துக்கொண்டாலும் இரண்டு விஷயம் பாருங்கள். வலது கியரை இடது பக்கம் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். குதிகாலால் மிதிக்கிற நியூட்ரல் ஃபைண்டரும் அதோடு போய்விடும். அப்புறம், கிராங்க்கேஸின் இரண்டு பாதியும் பிறவி ஜோடிதானா என்று தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்தக் காலத்தில் இரண்டையும் சேர்த்துப் பூட்டித்தான் பேரிங் துளையைச் சீவுவார்கள், ஒரு பாதியை மட்டும் மாற்றியிருந்தால் கிராங்க் நேராக உட்காராது, வாங்குகிறவர் விலையைக் குறைத்துக் கேட்பது நியாயம். ஸ்டார்ட் ஆகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆவேசமாக உதைக்க வேண்டாம். சாவியைப் போட்டு ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். இடது பக்கம் சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வந்து நிற்கும்போது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுகிற டிகாம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் இரண்டு அங்குலம் இறக்குங்கள். லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. அதற்கும் கேட்கவில்லை என்றால் தீப்பொறிக்கு மின்சாரத்தை விட்டு வெட்டுகிற காண்டாக்ட் பாயிண்ட்டைத் திறந்து ஒரு துண்டு வெள்ளைத் தாளை நடுவில் விட்டு இழுங்கள். தாளில் கரி படிந்தால் நோய் பெரும்பாலும் அதுதான்.